குழந்தை அறைக்கு ஒரு மஞ்சள்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

இங்கு நான் நலம். முழங்கால்கள் மட்டும் ஏணியைக் கண்டால் முணுமுணுக்கின்றன. உன் நலத்தையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு ஓயாமல் உதைப்பதாக நீ எழுதியிருக்கும் அந்தப் பெரிய மனிதரின் நலத்தையும் அறிய ஆவல்.

குழந்தைக்கென ஒதுக்கிய அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்காமல் நீயாக அடித்திருந்தால் உன்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பேன் என்பதை அறிந்தே கேட்டிருக்கிறாய், நல்லது. அறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கிறது, பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கிறது என்கிறாய். வெயில் தானாக வராத அறைக்கு வெயிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இத்துடன் ஓர் அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன். அது நானே கலந்து, நானே பூசிக் காயவைத்த மஞ்சள். எலுமிச்சையின் கூச்சலும் அதில் இல்லை, கடுகின் முகச்சுளிப்பும் இல்லை. கடையில் காட்டி இம்மியும் பிசகாமல் கலந்து வாங்கு. நான்கு சுவருக்கும் அதுவே, கூரைக்கும் அதுவே, திரைச்சீலையும் அதற்கு இணங்க. வெள்ளைக் குழல்விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளி பல்பு மாட்டுங்கள். மாப்பிள்ளை கூரைக்கு வெள்ளை போதுமே என்பார். விட்டுக்கொடுக்காதே.

ஒரு செய்தி. அலங்காரக் கலைக்கான மாத இதழொன்று வடிவமைப்பாளர்கள் சிலரைத் தேர்ந்து, அவர்களுக்குப் பிடித்த நிறம் எது, அது அவர்கள் வேலையை எப்படித் தூண்டுகிறது என்று கேட்டு வெளியிடப்போகிறது. என்னையும் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் யாவரும் கல்லூரியில் பயின்றவர்கள். ஒருவருக்கு அடர்நீலமாம், அதன்முன் அமர்ந்தால் மனம் அடங்கி யோசனை ஓடுமாம். இன்னொருவர் எந்த வரைபடத்தையும் செங்கல் நிறப் பென்சிலால்தான் தொடங்குவாராம். மூன்றாமவருக்குச் சாம்பல்! விருந்துக்கு வந்து தண்ணீர் போதும் என்பவரைப் போல. என்னிடம் பட்டம் என்ன என்று கேட்டார்கள். பெயருக்குப் பின்னால் போட வேண்டுமாம். "ஒண்ணும் போட வேண்டாம், பேரே போதும்" என்றேன்.

ஒன்றும் ஓடாத நாளில் வெற்றுத்தாளில் என் மஞ்சளால் ஒரு கோடு இழுப்பேன். அந்த அறையில் யார் எங்கே அமர்வார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அந்தக் கோடே சொல்லத் தொடங்கிவிடும். இதை அப்படியே எழுதிக்கொடுக்கப் போகிறேன். உன் குழந்தையின் அறைதான் அதற்குச் சான்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? தேய்க்க மாட்டாய், தெரியும்.

அறை முடிந்துவிட்டது. பெயிண்ட் கடைக்காரர் உன் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனி அட்டையிலும் இல்லையேம்மா, யாரு கலந்தது?" என்றார். எங்கள் அக்கா என்றேன். "அவங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் போட்டியாக வந்துவிடுவாயோ என்ற பயம்.

வீட்டில் ஆள் வைக்காமல் இவரே அடித்தார். கூரைக்கு அடிக்கும்போது ரோலரிலிருந்து மூக்கின்மேல் சொட்டிவிட்டது. "உங்க அக்கா பெயிண்ட் அனுப்பலடி, உத்தரவு அனுப்பியிருக்காங்க. கூரைய எவன் பாக்கப் போறான்?" என்று கத்தினார். "படுத்தே கெடக்கப்போற உன் புள்ளதான் பாக்கும்" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ரோலரை எடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. விளக்கைப் போட்டதும் நான் அந்த அறையின் நடுவில் நின்று அழுதுவிட்டேன். இந்த வீட்டில் அப்படியோர் இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னும் இரண்டு மூன்று வாரம் என்கிறார் டாக்டர்.

அன்புடன்,
சின்னவள்

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

பெண். எனக்கு அதிகச் சிரமமில்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் அறையில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தொட்டில் என் கைக்கு எட்டும் தூரத்தில். இவர் எடுத்த படம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மிகவும் சமர்த்து. அழுவதே இல்லை. பால் குடிக்கவே எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு வாய் குடித்ததும் மறுபடி தூங்கிவிடுகிறாள். பக்கத்து வீட்டு அம்மா, "குடுத்து வெச்சவ நீ, எம்புள்ள ஊரையே எழுப்புவான்" என்கிறார்.

இன்று வீட்டுக்கு வந்து பார்க்கிற சிஸ்டர் வந்திருந்தார். குழந்தையைப் பார்த்து, "கொஞ்சம் மஞ்சளா இருக்காளோ?" என்றார். இவர் உடனே கையை நீட்டி, "சிஸ்டர், என் கையப் பாருங்க. உங்க கையப் பாருங்க. இந்த ரூமுக்குள்ள வந்தா எல்லாருமே மஞ்சள்தான். எல்லாம் இவ அக்கா வேலை!" என்றார். சிஸ்டர் தன் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எடை பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சின்னவள்

மார்ச் 8

அன்புத் தங்கைக்கும், புதிதாக வந்து சேர்ந்த தங்கக்கட்டிக்கும்,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதவேண்டும். நான் ஒருத்திதான் இருக்கிறேன், நலமே. உங்கள் இருவரின் நலத்தையும் மாப்பிள்ளையின் மூக்கு நலத்தையும் தெரிவிக்கவும்.

படத்தைக் கண்டேன். கண்டேன் என்பது போதாத சொல்; நெடுநேரம் கீழே வைக்கவில்லை. சுவரின் ஒளியை உடம்பெல்லாம் வாங்கிக்கொண்டு பொன்வார்ப்புப் போலக் கிடக்கிறாள். தங்கக்கட்டி என்று பெயர் வைத்துவிட்டேன். நீங்கள் சட்டப்படி எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் கதையை இதழாசிரியரிடம் படித்துக்காட்டினேன். அந்த அம்மாள் கைதட்டிச் சிரித்து, "இதையும் கட்டுரையில சேர்த்துடுங்க, படத்தையும் குடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்குக் கோபிக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை தனித்தபாலில் வருகிறது. மரத்தில் கடைந்தது; சத்தம் காதை உறுத்தாது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

நலமா என்ற கேள்வியைச் சடங்காகக் கேட்கவில்லை. நலமா?

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் அழைத்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். காலையில் அழைத்தேன்: "தூங்குறா அக்கா." மாலையில் அழைத்தேன்: "இப்பத்தான் கண்ணசந்தா." குழந்தை எப்படி இருக்கிறாள் என்றால், "இருக்கா அக்கா" என்கிறார். இருக்கிறாள் என்பதை நானும் ஊகித்திருந்தேன். எப்படி என்பதுதான் கேள்வி. நன்றாகப் பேசுகிற மனிதருக்கு என்ன ஆயிற்று?

படத்தை அச்சுக்குக் கொடுத்ததில் வருத்தமென்றால் திட்டி எழுது. உன் வசவைக்கூட வாசித்து வெகுநாளாகிவிட்டது. இதழ்க்காரர்கள் அறையை நேரில் படமெடுக்க ஓர் ஆளை அனுப்பவும் விரும்புகிறார்கள். தேதி குறித்து எழுதுவாயாக.

கவலையுடன்,
அக்கா

மே 3

அன்புள்ள அக்கா,

எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன்மேல் வருத்தம் ஒன்றுமில்லை. குழந்தையோடு நேரம் போவதே தெரிவதில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். எடை ஏறுகிறாள். உன் கிலுகிலுப்பை கிடைத்தது. நல்ல சத்தம்.

தொட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம், காற்றோட்டத்துக்காக. அதனால் படமெடுக்க இப்போது ஆளை அனுப்பாதே.

எனக்கு இப்போதெல்லாம் நீலம் பிடித்திருக்கிறது. நீல வெளிச்சத்தில் ஒரு குழந்தை எப்படித் தெரியும் என்று நீ பார்த்திருக்கிறாயா? நிலவில் வைத்த மாதிரி இருக்கும். உனக்குப் பிடிக்காது.

இவரும் நலம். வேலையில் நிறைய விடுப்பு எடுத்துவிட்டார். இனி ஒழுங்காகப் போக வேண்டும்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

சின்னவள்

மே 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு உயிர் வந்தது. அதன் நடுப்பகுதியைக் கண்டு பாதி போயிற்று. நீலமா? நான் உயிரைக் கொடுத்துக் கலந்து அனுப்பிய மஞ்சளைக் காற்றோட்டம் என்ற பெயரில் தள்ளிவைத்துவிட்டு, அக்காவுக்கே நீலத்தின் அழகைக் கற்பிக்கிறாய். போகட்டும். பிள்ளை பெற்றவளின் ருசி மாறுவது இயல்பு, மன்னித்தேன்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படி. இந்நகரின் குழந்தைகள் மருத்துவமனை, பிறந்த சிசுக்களுக்கென்று புதிய வார்டு ஒன்று கட்டியிருக்கிறது. அதன் நிர்வாகி, கட்டுரையின் அச்சுப்படியை இதழாசிரியரிடம் பார்த்தாராம். தங்கக்கட்டியின் படத்தைக் காட்டி, "எங்க வார்டும் இப்படியே இருக்கணும்மா" என்கிறார். ஜன்னல் குறைவான நீண்ட கூடம். இரண்டு வரிசையாகத் தொட்டில்கள். நான்கு சுவர், கூரை, திரை, விளக்கு எல்லாம் உன் அறையில் உள்ளபடியே. பட்டம் பெற்றவர்கள் மூவர் கேட்டிருந்த வேலை அது. குழுவில் ஒருவர் என் படிப்பைப் பற்றிக் கேட்டபோது நிர்வாகியே, "அவங்க செஞ்ச ரூமைப் பாருங்க சார், அதான் சர்டிபிகேட்" என்றாராம்.

ஜூன் நடுவில் பூச்சு தொடங்கும். இத்தனை ஆண்டு ஏணியில் நின்றது வீண்போகவில்லை என்று உனக்கல்லாமல் யாருக்கு எழுதுவேன்?

பெருமையுடன்,
அக்கா

மே 27

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்தேன். உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

அந்த வார்டுக்கு அந்த மஞ்சளை அடிக்காதே.

பாப்பாவுக்குப் பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை வந்தது. பிறந்த குழந்தைகள் பலருக்கும் வருவதுதானாம். நேரத்தோடு கண்டால் பயமில்லையாம். முதலில் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார்களாம். நம் அறையில் தோலின் நிறத்தைப் பார்க்க வழியில்லை அக்கா. சுவர், கூரை, திரை, விளக்கு என்று எல்லாமாகச் சேர்ந்து ஒரே நிறத்தை அவள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தன. சிஸ்டர் கேட்டார், நாங்கள் சிரிக்க வைத்துவிட்டோம். அவள் தூங்கிக்கொண்டே இருந்தது சமர்த்து அல்ல. அது நோயின் மயக்கம்.

ஒரு காலை, குழாய் ரிப்பேர் செய்ய ஆள் வந்து சுத்தியலால் தட்டத் தொடங்கியதால் அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். வெயிலில் பார்த்தேன். உள்ளங்கால் வரை மஞ்சள். இமையை விலக்கினால் கண்ணின் வெள்ளையும் மஞ்சள். ஓடினோம். "இத்தனை நாளா என்னதான் பாத்துட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் கத்தினார். அவளைக் காமாலையை இறக்கும் நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். ரத்தத்தை மாற்றினார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நீலம் பிடித்திருக்கிறது என்று எழுதியது அதனால்தான்.

இப்போது காமாலை முழுவதும் இறங்கிவிட்டது. நன்றாக இருக்கிறாள்.

உனக்கு இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த பெயரில் நான் மண்ணைப் போடக்கூடாது என்று பேசாமல் இருந்தேன். தொட்டில் வரிசை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

சின்னவள்

ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

குழந்தை முற்றும் குணமடைந்தது கேட்டு ஆறுதல் அடைந்தேன். இத்தனை பெரிய துயரத்தை அக்காவிடம் மறைத்தது எனக்கு நேர்ந்த தனித் துயரம்; அதைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை.

நீ எழுதியதை நான் புறக்கணிக்கவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். நன்கு ஆலோசித்து, வார்டுக்கான மஞ்சளை இரண்டு படி வெளிறச் செய்துள்ளேன். கூரை வெண்மையாகவே இருக்கும். இதற்குமேல் மாற்றுவதற்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது மருத்துவமனை, அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள், ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். வீட்டில் நீ இருந்ததுபோல வெறும் கண்ணை நம்பி யாரும் இருக்கமாட்டார்கள். வண்ணத்தைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை.

இந்த நேரத்தில் நான் பின்வாங்கினால், படிக்காதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். அதைக் கேட்பதற்காக நான் இத்தனை ஆண்டு உழைக்கவில்லை.

குழந்தைக்கு என் ஆசிகள்.

இங்ஙனம்,
அக்கா

ஜூன் 18

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு உங்களைப்போல எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இருக்கிறாள் என்று அவள் எழுதியது உண்மையில்லை. பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. காமாலை மூளை வரை ஏறியதில் கேட்கும் நரம்பு கெட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டு இடத்தில் பரிசோதனை செய்தாயிற்று. கருவி வைத்துப் பார்க்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு அவள் தினமும் தொட்டிலுக்குப் பின்னால் நிற்கிறாள். ஆட்டுகிறாள். ஒருநாள் திரும்பிவிடும் என்று. நான் அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெறும் கண்ணை நம்பி என்று நீங்கள் எழுதிய வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அக்கா, சிஸ்டரிடம் கையை நீட்டியது நான். பழியைப் போடுவதென்றால் என்மேல் போடுங்கள். அவளை விட்டுவிடுங்கள்.

அந்த வார்டிலும் என்னைப்போல ஒருவன் வேடிக்கையாக ஏதாவது சொல்லுவான். டாக்டரும் மனிதர்தானே, சிரித்துவிடுவார். இரண்டு படி வெளிறினாலும் அது மஞ்சள்தானே அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

ஜூலை 2

சின்னவளே,

மாப்பிள்ளையைத் திட்டாதே. எழுதிவிட்டார்.

கடிதம் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போனேன். வார்டில் முதல் பூச்சு முடிந்து காய்ந்துகொண்டிருந்தது. விளக்கைப் போடச் சொல்லி உள்ளே நின்று என் கையைப் பார்த்தேன். அழகாக இருந்தது. வெளியே படிக்கட்டுக்கு வந்து அதே கையைப் பார்த்தேன். வயதான கை, நரம்பு பச்சையாக, நகத்தடி வெளுத்து. அது எதுவும் உள்ளே தெரியவில்லை. மறுபடி உள்ளே போனேன். மறுபடி வெளியே வந்தேன். வேலையாட்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களேம்மா!" என்றார்.

"தெரிஞ்சதும் வரல. மூணு வாரமா தெரியும். இப்பத்தான் வந்திருக்கேன்."

"டாக்டருங்க யாருமே ஒண்ணும் சொல்லலியே?"

"எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னாங்க. அதான் ஆபத்து."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "படிச்ச ஆளாப் போடலாம்னு கமிட்டியில அப்பவே ஒருத்தர் தலைபாடா அடிச்சுக்கிட்டார்."

"அவர் சொன்னது சரின்னே எழுதிக்குங்க. சுவர இன்னிக்கே மாத்துங்க."

குழந்தைகள் டாக்டர் ஒருவரை அழைத்துக் கேட்டார்கள். அவர் கூடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். "அந்தம்மா சொல்றது சரிதான், மாத்திடுங்க" என்றார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வெளிர் சாம்பல் அடிக்கிறார்களாம். அதுதான் சரி.

இதழை நிறுத்த முடியவில்லை. அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. பாப்பாவின் படம் இருக்கிறது. சிஸ்டர் கதையும் இருக்கிறது. அந்த மஞ்சளின் கலவை கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டாம் என்று காரணத்தோடு பதில் எழுதுகிறேன். எழுதாமல் நேராகக் கடைக்குப் போனவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த இதழில் சில வரிகள் போட ஆசிரியர் இடம் தருகிறார். இதுவரை நாலு தாள் கிழித்துவிட்டேன்.

கண்ணை நம்பி என்று எழுதியிருந்தேன். உன் கண்ணுக்கு முன்னால் அந்தத் திரையைப் போட்டவள் நான். எழுதியதை எப்படித் திரும்ப வாங்குவது?

நான் வரலாமா?

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருக்கிறோம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதி வைத்துவிட்டேன்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். சில நாள் உன்மேல், சில நாள் இவர்மேல், பெரும்பாலும் என்மேல். நீ படத்தில்தான் பார்த்தாய். நான் கைக்கு எட்டும் தூரத்தில் படுத்திருந்தேன். அவள் நிறம் எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா. தெரிந்தது. அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

வார்டை மாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார் இவர். நன்றி என்ற சொல் வரவில்லை. ஆனால் அன்று கொஞ்சம் தூங்கினேன்.

வா. வாசலில் நின்று பாப்பாவைக் கூப்பிடாதே. பின்பக்கமிருந்து போய்த் தூக்காதே, பயந்து அலறுகிறாள். எதிரில் வந்து, அவள் உன்னைப் பார்க்கும் வரை நில். அவசரப்படுத்தாதே, முகத்தை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

மஞ்சள் மட்டும் உடுத்தி வராதே என்று எழுதி, அடித்துவிட்டேன். எதை வேண்டுமானாலும் உடுத்து. இவர் தினமும் ஒரு நிறத்தில் துணியைத் தொட்டில்மேல் ஆட்டிப் பார்க்கிறார். எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். அது துணியா, இவர் முகமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த நிறத்தை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ரயில் வந்துசேரும் நேரத்தை மட்டும் எழுது. வேறொன்றும் எழுதாதே. நேரில் வந்து சொல்.

சின்னவள்